வாசலில் கிடந்த செருப்பு

ஆற்றோரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் தினமும் மதியம் அன்னதானம் உண்டு. சாப்பிட வந்தவர்களிடம் யார், எந்த ஊர், என்ன செய்கிறாய் என்று எதுவும் கேட்பதில்லை. நல்ல வழக்கம்தான். அதையும் ஒருநாள் கெடுத்தாயிற்று.

மடத்துக்குப் பெரியவர் சிவபாதம் சாமி. அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தவன் இளவழகன். பொறியியல் படித்துவிட்டு நாலு வருஷமாக வேலை கிடைக்காதவன். ஞானம் தேடி வந்ததாகச் சொன்னான். சாமியும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டான்.

“சாமி, வெள்ளிக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம். நான்தான் வந்து பொரி போடணும்னு போன்ல அழுறா.”

மணப்பெண் அக்கினியில் இடும் பொரியை அவள் கையில் அள்ளிப் போட வேண்டியவன் கூடப்பிறந்தவன்.

“போயேன்.”

“எப்படிப் போறது? போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில எங்க பெரியப்பா, ‘இன்னும் சும்மாதான் இருக்கியா’ன்னு சத்தமா கேட்டார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. பாதி இலையில எந்திரிச்சு வந்தவன்தான், அப்புறம் எந்த விசேஷத்துக்கும் போகல. இதுக்குப் போகவா, வேண்டாமா?”

“பந்திக்கு நேரமாச்சு. சாம்பார் வாளியை எடு.”

அன்று வரிசையின் கடைசியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நல்ல பசி போலிருக்கிறது, இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான். சாம்பார் ஊற்றக் குனிந்த இளவழகன் கேட்டான். அன்பாகத்தான் கேட்டான்.

“ஏன் தம்பி, வேலைக்கெல்லாம் போகலயா?”

வரிசையே திரும்பிப் பார்த்தது.

“இன்னைக்கு லீவு” என்றான் பையன்.

பிசைந்த சோற்றை அவன் வாயில் வைக்கவில்லை. கை கழுவப் போவதுபோல் எழுந்தவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். செருப்பு முன்வாசலில் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் பந்தியைத் தாண்டித்தான் வர வேண்டும். வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு கொதித்தது.

இளவழகன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினான். பையனைக் காணவில்லை. ஒரு வார் அறுந்து நூலால் தைத்த செருப்பு அது. திரும்பி வந்து சாமி முன்னால் நின்றான்.

“சாமி, நானா அப்படிக் கேட்டேன்?”

“நீதான்.”

“வாயில தானா வந்துடுச்சு.”

சாமி அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

“இதை எங்க வைக்கட்டும்?”

“எடுத்த இடத்துலயே வை.”

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பந்தி நேரத்தில் இளவழகனின் கண் வாசலிலேயே இருந்தது. யார் யாரோ வந்தார்கள். அந்தப் பையன் வரவில்லை.

வியாழக்கிழமை பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

“இனி இங்க யாரும் அவனை எதுவும் கேக்க மாட்டாங்க சாமி. நான் அவன் கால்ல விழுந்துகூட மன்னிப்பு கேப்பேன். சோறு இருக்கு, இடம் இருக்கு. அவன் திரும்பி வருவானா?”

சாமி குனிந்து, செருப்பின் மேலிருந்த தூசியைத் தோள்துண்டால் தட்டினார்.

“நாளைக்குத் தங்கச்சிக்குப் பொரி போட நீ போவியா?”