மூடாமல் போன ஊற்று

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அதன் மேற்குக் கரையில் யானைகள் வாழ்ந்தன. கிழக்குக் கரைக்குக் கருவாயன் என்ற காட்டுப்பன்றி ராஜா.

கிழக்கே இருந்தது ஒரே ஒரு குட்டை. கருவாயனும் அவன் தம்பிகளும் அதை வளைத்துப் படுத்திருந்தார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கு ஓர் அத்திப்பழம் என்பது அவன் போட்ட சட்டம்.

கோடையில் ஆறு வற்றி மணலானது. அத்திப்பழமும் அருகிப்போயிற்று. மருதி என்ற புள்ளிமான் காலையெல்லாம் அலைந்து ஒரு பழத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய குட்டி தள்ளாடியபடி பின்னால் வந்தது.

"ஒரு பழம்தானே? யாருக்குத் தண்ணீர்?" என்றான் கருவாயன்.

"குட்டிக்கு, ராஜா."

குட்டி குடித்து நிமிர்ந்ததும் கருவாயன் சொன்னான்: "குட்டி ஒரு வாய் கூடுதலாகக் குடித்துவிட்டது. நாளைக்கு இரண்டு பழம்."

குட்டி அன்று மாலையே தாகத்தில் அழுதது. அந்த அழுகை மேற்குக் கரை வரைக்கும் கேட்டது.

"ஒரு பன்றிக்கு இத்தனை திமிரா? நாம் போய் நின்றாலே ஓடிவிடுவான்" என்றது கொம்பன் என்ற இளம் யானை.

மறுநாள் யானைகள் ஆற்று மணலில் அணிவகுத்துப் பிளிறின. மரக்கட்டைகளை வீசின. ஒரு கட்டை மருதியின் குட்டிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. கருவாயனைத் திட்டிக்கொண்டிருந்த மான்களும் முயல்களும் ஓடிப்போய் அவன் முதுகுக்குப் பின்னாலேயே ஒண்டின. மருதியும் அங்கேதான் நின்றாள். வேறு எங்கே போவாள்?

"பார்த்தீர்களா? நான் இல்லையென்றால் உங்களைக் கூழாக்கிவிடுவார்கள். காவலுக்கு இன்னொரு பழம் சேர்த்து வையுங்கள்" என்றான் கருவாயன்.

யானைகள் திரும்பிவிட்டன. அடுத்து யானைகளின் தூதாக ஒரு நரி, "இதெல்லாம் பேசி முடிக்க வேண்டிய காரியம்" என்று கிளம்பியது. கருவாயனுக்காக ஒரு பலாப்பழத்தையும் உருட்டிக்கொண்டு போனது.

"மழை வரட்டும், பதவியை விட்டுவிடுகிறேன்" என்றான் கருவாயன், சுளையை மென்றுகொண்டே.

"சம்மதித்துவிட்டார்!" என்று நரி பூரித்துப்போய்த் திரும்பியது. பிறகும் பலாப்பழங்கள் போயின. ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது. "யானைகளே எனக்குக் கப்பம் கட்டுகின்றன" என்று கருவாயன் தன் குடிகளிடம் பெருமையடித்தான். அவன் உடம்புதான் பெருத்தது.

குட்டியால் எழுந்து நிற்க முடியாமல் போன அன்று, மருதி தனியாக ஆற்று மணலில் இறங்கினாள். அங்கே யானைத் தலைவி காலால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்ததும் மென்ற மரப்பட்டையால் ஊற்றை அடைத்து, மேலே மணலைத் தள்ளி மூடுவது யானைகளின் வழக்கம்.

"பயப்படாதே, பெண்ணே. உனக்கு என்ன வேண்டும்?" என்றாள் தலைவி.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"எங்களுக்காகச் சண்டையும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம், தாயே. நீங்கள் குடித்தபின் இந்த ஊற்றை மூடாமல் போனால் போதும். எங்கள் குளம்பால் இவ்வளவு ஆழம் தோண்ட முடியாது."

"மூடாவிட்டால் ஊற்று பாழாகிவிடும்" என்று கொம்பன் முணுமுணுத்தது.

"பாழானால் வேறு தோண்டுவோம்" என்றாள் தலைவி. மூடாமலேயே தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் போனாள்.

மருதியின் குட்டி வயிறாரக் குடித்து எழுந்து நின்றது. அதைப் பார்த்து மான்கள் வந்தன, முயல்கள் வந்தன. குட்டைக்குப் பழம் போவது நின்றுபோயிற்று. பழம் வராத இடத்தில் நமக்கென்ன வேலை என்று தம்பிகளும் நழுவிவிட்டார்கள்.

"யானைகள் வருகின்றன! என் பின்னால் நில்லுங்கள்!" என்று கத்தினான் கருவாயன்.

"எங்கே ராஜா? இங்கே ஈ காக்கை இல்லையே" என்றது ஒரு முயல், உதட்டை நக்கிக்கொண்டு.

தனியாகிவிட்ட கருவாயன் குட்டையிலேயே புரண்டு கிடந்து, இருந்த தண்ணீரையும் சேறாக்கிவிட்டான். கடைசியில் தாகம் தாங்காமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊற்றுக்கு வந்தான்.

"பழம் எங்கே?" என்று வழி மறித்தது முயல்.

"விடு, குடிக்கட்டும். இந்தத் தண்ணீருக்கு விலை இல்லை" என்றாள் மருதி. "ஆனால் ராஜா, வரிசையில் வாருங்கள்."

கருவாயன் முயலுக்குப் பின்னால் போய் நின்றான்.

மறுநாள் காலையில் கொம்பன் ஊற்றைப் பார்க்க வந்தது. தூசி விழாதபடி யாரோ அதைப் பச்சை இலைகளால் மூடியிருந்தார்கள். தும்பிக்கையால் இலையை விலக்கினால், உள்ளே தெளிந்த தண்ணீர். பக்கத்தில் ஓர் இலையின்மேல் ஓர் அத்திப்பழம் இருந்தது. தூரத்தில் மருதியும் அவள் குட்டியும் நின்றார்கள்.

"எங்களுக்கு எதற்கு?" என்றது கொம்பன்.

"மூடாமல் போனதற்கு" என்றாள் மருதி. "பக்கத்தில் வந்து நிற்காமல் இருந்ததற்கும்."

கொம்பன் அந்தப் பழத்தைத் தின்னாமல், பத்திரமாகத் தலைவியிடம் எடுத்துக்கொண்டு போனது.

நீதி: அயலார் மிரட்டினாலும் கெஞ்சினாலும் கொடியவனுக்கே பலம் கூடும்; அவன் தயவு தேவைப்படாதபடி மக்களுக்குத் துணை நின்றால், அவனை அவர்களே இறக்கிவிடுவார்கள்.