ஆற்றங்கரையில் விட்ட பச்சைப் பொத்தான்

இதை எனக்கு முதலில் சொன்னது, பொன்மலை மாதா கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் அமலோற்பவம் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன், ஜெபமாலை மாதமான அக்டோபரில், சாமந்திப் பூ கிள்ளிக்கொண்டே சொன்னார். நடந்தது அவர் வீட்டுக் கூடத்தில்தானாம்.

செங்கோடன் என்று ஒருவன். காலேஜில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் அந்த வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். அங்கே ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள். பகடை விழுகிறபடி கதை போகும், வரைபடத்தில் அவரவர் காய் நகரும். கதை சொன்னவள் அமலோற்பவத்தின் நாத்தனார் பிரிசில்லா. செங்கோடனைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் அந்த மேசையில் அவளைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

செங்கோடன் படித்து, வேலைக்குப் போய், அந்த வேலையையும் விட்டான். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு ஒரு சாப்ட்வேர் செய்தான். அதே விளையாட்டைக் கம்ப்யூட்டரில் விளையாட ஒரு மேசை. ஆள் எந்த ஊரில் இருந்தாலும் அதில் வந்து உட்காரலாம். பெங்களூரில் ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. விலையையும் விதியையும் திங்கட்கிழமை காலைக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். இது கைகூடவில்லை என்றால் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் பொன்மலைக்கு வந்தான். அந்த வீட்டுக்கு அவன் கடைசியாக வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது.

"வாங்க சீடரே," என்றாள் பிரிசில்லா. "அடுத்த வாரம் வரேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"வழியில கொஞ்சம் லேட்டாயிடுச்சு குருவே."

"அண்ணி, டீயில சர்க்கரை தூக்கலாப் போடுங்க. ஆள் அதே ஆள்தான்."

அவன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். திரையில் ஒரு காடு. காய்கள் நகர்ந்தன, பகடை உருண்டது. பிரிசில்லா கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. என்ன விலை?"

"உட்கார்ற ஒவ்வொருத்தரும் மாசம் நூத்தம்பது ரூபா."

"மேசை நடத்துறவளுக்கு?"

"அதே நூத்தம்பதுதான்."

"எனக்கு ஆயிரம்னு போட்டாக்கூட வாங்குவேனே!"

டீ கொண்டுவந்த அமலோற்பவம் நின்றுவிட்டார். "ஏந்தம்பி, விளையாட வர்றவங்ககிட்டயா காசு கேப்பாங்க?"

"காலம் மாறிடுச்சுக்கா," என்றான் செங்கோடன். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு, கேட்க வந்ததைக் கேட்டான்.

"ஒரு மாசம் ஒருத்தன் காசு கட்டலைன்னு வைங்க. அவன் காய் மேசையிலயே கிடக்கும். இடத்தை அடைக்கும். ஏழு நாள்ல எடுத்துடுங்கன்னு கம்பெனியில சொல்றாங்க. நான் சண்டை போட்டு முப்பது நாள் வாங்கியிருக்கேன். போதுமா குருவே? எத்தனை நாள் விட்டு வைக்கலாம்?"

பிரிசில்லா எழுந்தாள். அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னையும் ஒரு காகிதக் கட்டையும் இறக்கினாள்.

அவனுக்கு அந்தக் காகிதம் தெரியும். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த வரைபடம். அவன் காலத்தில் மூன்று தாள்தான். இப்போது அவள் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. தாளோடு தாள் ஒட்டி, மேசையைத் தாண்டி, தரையில் இறங்கி, சுவர்வரை போனது. டின்னைத் திறந்து, காய்களைச் சுவர் ஓரத்துக் கடைசித் தாளில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

செங்கோடன் முதல் தாளிலேயே நின்றான். பழுத்துப்போன தாள். அதில் நீல நிற ஆறு. அந்தக் கரையில் படகுக்காகக் காத்துக்கொண்டுதான் அவன் ஆள் கடைசியாக நின்றது. விளையாட்டு தொடங்கிய அன்று மற்றவர்கள் ஆளுக்கு ஒரு காய் கொண்டுவந்திருந்தார்கள். யூசுப் ஒரு சின்னச் சாவி, மூர்த்தி ஒரு செஸ் குதிரை. இவனிடம் ஒன்றுமில்லை. போட்டிருந்த சட்டையின் கைப்பொத்தானைப் பிய்த்து வைத்தான். பச்சைப் பொத்தான். அன்றைக்கு வீட்டில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஆற்றங்கரையில் பொத்தான் இல்லை.

எங்கேயாவது தொலைந்திருக்கும், எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தபடியே முட்டி போட்டு வரைபடத்தோடு நகர்ந்தான். ஆறு, பாலைவனம், எரிந்துபோன ஒரு ஊர், மலை. சுவர் ஓரத்தில், ஒரு கோட்டை வாசலில், சாவிக்கும் குதிரைக்கும் நடுவில் பச்சைப் பொத்தான் இருந்தது. ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நடந்துதான். பாலைவனத்துல தேள் கொட்டி ஒரு கால் நொண்டி."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

"யார் நகர்த்தினது?"

"யூசுப். மஸ்கட்லேர்ந்து போன்ல விளையாடுறான். ஒவ்வொரு வாரமும் அவன் முறை முடிஞ்சதும் சொல்லுவான், குருவே, செங்கோடனையும் தூக்கிக்கோங்கன்னு."

"பதினேழு வருஷமாவா?"

"நடுவுல ஒரு ரெண்டு வருஷம் மூர்த்தி. அப்ப யூசுப்புக்கு வேலை போயிடுச்சு, போன் போடக் காசில்லை. மூர்த்தி உங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்தான்."

 வரைபடத்தின் ஓரம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அமலோற்பவம் டீ டம்ளரை எடுத்து அதன் மேல் வைத்தார்.

செங்கோடன் மெல்லக் கேட்டான்.

"அப்ப எத்தனை நாள்னு எழுதுறது குருவே?"

பிரிசில்லா டின்னின் அடியிலிருந்து பகடையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க முறைதான் சீடரே. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். உருட்டுங்க."

அவன் கையை மூடிக்கொண்டான். டீ ஆடை கட்டும்வரை அப்படியே முட்டி போட்டிருந்தானாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீடு பெருக்கும்போது ஒற்றைப் பொத்தான் எதுவும் கிடந்தால் குப்பையோடு தள்ளிவிடாதீர்கள். எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.