யானையா இழுக்கணும், எறும்பா குடிக்கணும்

கேளுங்க இந்தக் கூத்தை! பிக்கப் வண்டிக் கம்பெனி முதலாளி மாசிலாமணி டீலர்கள் எதிரில் தன் ஊழியர்களைப் பார்த்து உறுமினார்.

"நாளைய எஞ்சின் யானையா இழுக்கணும், எறும்பா குடிக்கணும். எது அது?"

"டீசல்" என்றவருக்கு அங்கேயே வேலை போனது. "பேட்டரி" என்றவரும் வெளியே. "ஹைப்ரிட்..." என்று இழுத்தவரைக் காவலாளி இழுத்துப்போனான்.

அடுத்து, புது வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்லும் தவமணி. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

"அந்த எஞ்சின் நம்மகிட்டயே ஓடுதுங்கய்யா."

"எங்கே? காட்டு!"

"நாங்கதாங்கய்யா. நாள் முழுக்க இழுக்கிறோம், குடிக்கிறது ஒரே ஒரு டீ. போன வாரம் அதையும் நிறுத்திட்டீங்க."

டீலர்கள் குபீரென்று சிரித்தார்கள். முதலாளி முகம் கறுத்தது. தவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"டேய், எல்லாருக்கும் டீ சொல்லுடா! வெளியே நிக்கிற மூணு பேருக்கும் சேர்த்து!" என்று முதலாளியின் குரல் கேட்டது.

அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.