சதுரமாக நெய்த சிலந்தி

“நான் யானை. என் காட்டை உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுட்டு, அந்த வெள்ளைக் கரடியோட பனிக்கட்டியை மட்டும் பாய் மாதிரி விரிச்சு வெச்சிருக்கியே, இது எந்த ஊர் நியாயம்?”

யானை இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் ஒரு கிளை முறிந்தது. உப்பு நக்கக் கடற்கரைக்கு வந்தவள், வந்த வேலையை விட்டுவிட்டுப் புன்னை மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

மேலே இரண்டு கிளைகளுக்கு நடுவே, வாசலில் திரை கட்டினாற்போல, சிலந்தி நெய்த உலகப் படம் ஆடிக்கொண்டிருந்தது. நெடுக்கே கோடுகள், குறுக்கே கோடுகள், நடுவில் கட்டங்கள். நிலம் இருக்கும் கட்டங்களில் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தாள்.

“திசையைப் பாருங்க யானையக்கா,” என்றாள் சிலந்தி. “ஒரு இம்மி தப்பியிருக்கா? வடகிழக்குன்னா வடகிழக்குதான்.”

“திசையை யாரு கேட்டா? என் காட்டைச் சுத்தி வர எனக்கு ஒரு கோடை முழுக்க வேணும். உன் படத்துல நான் தும்மினா கடல்ல விழுந்துடுவேன் போலிருக்கு!”

“படம் போடறது நானா, நீங்களா?”

அதோடு பேச்சு முடிந்தது. படம் போடத் தெரியாதவர்களை வாயடைக்க இதைவிட நல்ல கேள்வி இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. யானை தும்பிக்கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அது சிலந்திக்கும் தெரியும்.

பேசாத பிராணியே இல்லாத காலம் அது. பேசத் தெரிந்தால் வழி தெரிந்துவிடுமா? “எங்கே போறே?” “வடக்கே.” “வடக்கே எங்கே?” “போனா தெரியும்.” இப்படிக் கிளம்பிப் பாதிப் பறவைகள் அடுத்தவர் குளத்தில் இறங்கி அடி வாங்கின. பார்க்கச் சகிக்காமல்தான் சிலந்தி இந்த வேலையில் இறங்கினாள்.

உலகம் உருண்டை என்று அவளுக்குச் சொன்னவை தகைவிலான் குருவிகள். வடக்கே பறக்கப் பறக்க, தெற்கே இருக்கும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்குள் இறங்கிவிடுகின்றனவாம். தட்டைத் தரையில் அப்படி நடக்குமா? ஆகவே ஒரு பம்பளிமாஸ் பழத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதன்மேல் நூல் ஓட்டினாள். பழத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும், வளையல் அடுக்கினாற்போலக் குறுக்குக் கோடுகள். பிறகு காம்பிலிருந்து அடிவரைக்கும், உள்ளே சுளை பிரிந்திருக்கிற மாதிரியே நெடுக்குக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களே, விஷயம் இவ்வளவுதான். எந்த இடமானாலும் அதற்கு இரண்டே எண். இடுப்பிலிருந்து எத்தனையாவது வளையல், முதல் கோட்டிலிருந்து எத்தனையாவது சுளை. விலாசம் முடிந்தது.

இடுப்பு எது என்று பழமே காட்டிவிடும். முதல் சுளை எது? அதைப் பழம் சொல்லாது. கொக்கு தன் குளத்தில் தொடங்கு என்றது. ஆந்தை தன் பொந்தில் தொடங்கு என்றது. நூல் சிலந்தியுடையது, ஆகவே முதல் கோடு அவள் வீட்டு வாசல் வழியாகப் போனது. வேறெப்படிப் போகும்?

பழத்தோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. ஆனால் பழத்தில் வடக்கைப் பார்த்தால் தெற்கு மறைகிறது. அணில் வேறு பழத்தில் ஒரு சமுத்திரத்தையே கடித்துத் தின்றுவிட்டது. சரி, தோலை உரித்துத் தரையில் வைத்து அமுக்கினாள். ஓரமெல்லாம் பிளந்தது. பிளக்காமல் அமுக்கினால் சுருங்கியது. பானைக்குப் போர்த்திய துணியைப் பலகைக்குப் போர்த்த முடியுமா? உருண்டையை எங்கேயாவது கிழிக்க வேண்டும், இல்லையென்றால் எங்கேயாவது இழுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

சிலந்தி இழுத்தாள். பழத்தில் நெடுக்குக் கோடுகள் எல்லாம் காம்பில் போய் ஒன்றுசேரும். வலையில் அவற்றைச் சேரவிடாமல், ஜன்னல் கம்பி மாதிரி நேர்நேராக நிறுத்தினாள். அதனால் காம்புப் பக்கம் இருந்த குட்டி நிலமெல்லாம் அகலமாக விரிந்தது. அகலம் மட்டும் விரிந்தால் கோணலாக இருக்குமே என்று உயரத்தையும் இழுத்துவிட்டாள். திசை தப்பவில்லை, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. காட்டுக்குக் காடு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “மேல் பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கேன், அங்கே தூரத்தை நம்பாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்தச் சமயத்தில்தான் உள்ளான் வந்தாள். சேற்றுக்கரையில் குடுகுடுவென்று ஓடி இரை பொறுக்கும் சின்னப் பறவை. பனிக்காலத்தை இங்கே கழித்துவிட்டு, முட்டையிட வடகோடிக்குப் போகிற குலம். சிறகில் சிப்பி கடித்துக் காயமாகிவிட்டதால் கூட்டத்தோடு போக முடியவில்லை. புருஷன் முன்னால் போய் இடம் பிடித்துவைப்பதாக ஏற்பாடு.

“எங்கே இருப்பேன்னு சொல்லிட்டுப் போனார்?”

“காம்புக்கு முந்தின கடைசி வளையல். உன் வீட்டுக் கோட்டுக்குக் கிழக்கே மூணாவது கோடு.”

“சுலபம். என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா மேலே போ. கடைசி வளையல் வந்ததும் வலப்பக்கம் திரும்பு. மூணு கட்டம்.”

“ஒரு கட்டம் எவ்வளவு தூரம் அக்கா?”

சிலந்தி காலை நீட்டி ஒரு கட்டத்தின் அகலத்தை அளந்தாள். அளந்தது இடுப்புப் பக்கத்தில்.

“மூணு நாள் பறக்கணும்.”

“அங்கேயும் மூணு நாளா?”

சிலந்தி ஒரு கணம் தயங்கினாள். “கட்டம் எல்லாம் ஒரே அகலம்தானே? கண்ணாலேயே பாரேன்,” என்றாள்.

உள்ளான் கிளம்பினாள். நேர் வடக்கே, ஆற்றையும் மலையையும் மணலையும் தாண்டி, மரமே இல்லாத தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். சூரியன் அங்கே மறையவே இல்லை. வானத்தின் ஓரத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வளையல் வந்துவிட்டது. கிழக்கே திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் முட்டை வயிற்றில் முட்டியது.

மூன்று கட்டம். கட்டத்துக்கு மூன்று நாள். முட்டை ஒன்பது நாள் பொறுக்குமா?

கொஞ்ச தூரம் பறந்துதான் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் வயிற்றில் முட்டையோடு பறந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். நின்ற இடத்திலேயே பாசியைக் குழித்து முட்டையிட்டாள். நாலு முட்டை.

உள்ளான் குலத்தில் அடைகாப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்கார வேண்டும், இரை பொறுக்கப் போகிற நேரத்துக்குள் அந்த ஊர்க் குளிர் முட்டையைத் தின்றுவிடும். இவள் தனியாக உட்கார்ந்தாள். பசியில் கண் இருண்டபோதுகூட எழவில்லை. பிறகு ஒருநாள் எழுந்தே ஆக வேண்டியிருந்தது. கொசுப்புழு நாலைக் கொத்திக்கொண்டு ஓடிவந்தபோது முட்டைகள் கூழாங்கல் மாதிரி சில்லென்று கிடந்தன.

அந்தப் பக்கம் புருஷன் சொன்ன இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் அவள் வந்து தேடுவாளே. தேடிப்போகலாம் என்று நினைத்தபோதெல்லாம் அவனும் அதே கணக்கைத்தான் போட்டான். அவனும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவன்தானே.

கோடை முடிந்து எல்லாரும் தெற்கே திரும்புகிற நாளில், வழிக் குட்டை ஒன்றில் அவன் வந்து பக்கத்தில் இறங்கினான்.

“எங்கேடி இருந்தே?”

“சிலந்தி வீட்டுக் கோட்டுல. கடைசி வளையல்லேயே. நீங்க?”

“நான் மூணாவது கோட்டுல. அதே வளையல்லதான்.”

உள்ளானுக்கு ஏதோ உறைத்தது. அவள் முட்டையிட்ட இடம் அந்தக் குட்டையிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரம்.

“அங்கேயிருந்து எப்போ கிளம்பினீங்க?”

“நேத்து,” என்றான் அவன்.

இருவரும் நேராகக் கடற்கரைக்குப் பறந்தார்கள்.

புன்னை மரத்தில் அன்றைக்கும் கூட்டம். சிலந்தி ஒரு நாரைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கிளையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, மேலே கட்டம் சின்னதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“கோடு சரியாத்தானே போட்டேன்...”

“கோட்டைக் கேக்கலை. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“நாலு முட்டை அக்கா.”

நாரை மெதுவாக நழுவியது.

உள்ளான் திட்டவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய், நேர்நேராக நின்ற நெடுக்குக் கோடுகளை ஒவ்வொன்றாக மேல்நுனியில் அலகால் பிய்த்தாள். எல்லாவற்றையும் கூட்டிப் பிடித்து ஒரே முடிச்சாக முடிந்தாள். “அங்கே போனா இப்படித்தான் சேருது. நான் பார்த்துட்டு வந்தேன்.” நெடுக்குக் கோடுகள் முடிச்சிலிருந்து நாலாபக்கமும் கதிராகப் பிரிந்தன. குறுக்குக் கோடுகள் வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாயின. சதுரமாக இருந்த படம் சக்கரமாயிற்று.

சிலந்தி அதைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். பயத்தை மீறி அவளுக்கு ஆசை வந்துவிட்டது. மேலே நின்று பழத்தின் காம்பைப் பார்த்தால் இப்படித்தானே தெரியும்! நடுவில் தூரமெல்லாம் கச்சிதம். பிறகு ஓரத்துக்குப் போனவள் நின்றுவிட்டாள்.

“ஐயோ, இப்போ தெற்கு இழுபடுதே! அங்கே தூரம் தப்பாகுமே!”

“தட்டையாப் போட்டா எங்கேயாவது தப்பும்,” என்றாள் உள்ளான். “தப்பட்டும். எங்கே தப்புன்னு வர்றவங்ககிட்ட முதல்ல சொல்லு. எவ்வளவு தப்புன்னு போய்ப் பார்த்தவங்களைக் கேளு.” சொல்லிவிட்டுப் புருஷனோடு சேற்றுக்கரைக்குப் பறந்துபோனாள். அந்த மரத்துக்கு அவள் மறுபடி வரவில்லை.

சிலந்தி கட்டம் போடுவதை விட்டுவிட்டு, எல்லா நூலும் நடுவில் சேர, சுற்றிலும் வளையம் வளையமாக நெய்யத் தொடங்கியது அந்தச் சாயங்காலத்திலிருந்துதான். முடிச்சின் நடுவில், கோட்டுக்கு ஒரு காலாக வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பதும் அதனால்தான். ஓரத்தில் லேசாக நூல் அசைந்தாலும், யாரோ தொலைவிலிருந்து வந்துவிட்டார்கள் என்று ஓடுகிறாள்.

“வாங்க, வாங்க. இந்த ஓரத்துல தூரம் தப்பு, முதல்லேயே சொல்லிடறேன். நீங்க அந்தப் பக்கமிருந்துதானே வர்றீங்க? எவ்வளவு தப்புன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

ஈ ஒன்றும் சொல்வதில்லை.