செக்ரட்டரி திருப்பிக் கேட்ட குப்பை

எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் இருளப்பன், வீட்டுக்கு வீடு காய்கறித் தோலை வாங்கி மட்கவைத்து, அந்த உரத்தில் காம்பவுண்டு ஓரம் பீர்க்கங்கொடி வளர்த்தார். காய்கள் கை நீளத்துக்குத் தொங்கின. எல்லார் வாயிலும் அவர் பேச்சுதான்.

செக்ரட்டரி குலசேகரனுக்கு வயிறு எரிந்தது. காசைக் கொட்டி அவர் வளர்த்த ரோஜாவை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து கத்தினார். "எங்க குப்பையில நீ பேர் வாங்குறியா? இந்த மாசம் என் வீட்டுல எடுத்த குப்பையைக் குப்பையாவே கொண்டு வந்து வைய்யா! இல்லேன்னா கொடியை வெட்டு!"

மட்கிப்போனதை யாரால் திருப்பித் தர முடியும்?

"இதோ கொண்டாரேன் சார்" என்று போன இருளப்பன், முடிச்சு அவிழ்க்காத ஒன்பது பைகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். கூட்டமே மூக்கைப் பொத்தியது.

"பாட்டில், பாலிதீன், பழைய சோறு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப் போடுறீங்க. பிரிக்காத பையைக் குப்பை வண்டிக்காரங்க எடுக்க மாட்டேங்கறாங்க. சொன்னாத் திட்டுவீங்கன்னு பின்னாடி வெச்சிருந்தேன். மத்தவங்க வீட்டுக் குப்பையெல்லாம் காயா காய்ச்சிடுச்சு சார். உங்க வீட்டுது மட்டும்தான் இன்னும் குப்பையாவே இருக்கு."