ஒரே கறுப்பு

செக் அச்சடிக்கும் லேசர் பிரிண்டர்களை அமைத்துத் தருவதில் சாத்தூர் வட்டாரத்தில் மெஹராஜை மிஞ்ச ஆள் இல்லை. அவளிடம் தொழில் கற்க வந்த தவமணி, சொந்த அச்சகம் நொடித்துப்போனவர். அவளைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். வெட்கம் பார்க்காமல் மேடம் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

முதல் நாளே சொல்லியிருந்தாள்:

"செக்கோட அடியில இருக்கிற நம்பரை பேங்க் மிஷின் காந்தத்தாலதான் படிக்கும். காந்த மை தவிர வேற எதுவும் போடக் கூடாது. அடிச்சதும் சோதனைக் கருவியில விட்டுப் பாருங்க."

பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்கு மேடையில் வைத்துச் செக் கொடுப்பதாக ஏற்பாடு. ஆலை அலுவலகத்தில் தவமணி தனியாக அச்சடித்துக்கொண்டிருந்தபோது பாதியில் காந்த மை தீர்ந்துவிட்டது. மேலாளரோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். தவமணி சாதாரண மையைப் போட்டார். கறுப்பு கறுப்புதானே! சோதனைக் கருவி பையைவிட்டு வெளியே வரவில்லை.

மேடையில் செக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பாதிச் செக்குகள் வங்கியிலிருந்து திரும்பின.

திரும்பி வந்த ஒன்றைப் பிடித்தபடி பேச்சியம்மாள் ஆலை வாசலில் நின்றாள். அவள் புருஷனுக்கு முகம் மிஞ்சவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாள்.

"இதுல ஒண்ணும் எழுதலைன்னு மிஷின் சொல்லுதாம். எம் பேரு இருக்கே சார். பெறகு என்ன எழுதலை?"

தவமணி மெஹராஜுக்குப் போன் போட்டார்.

காந்த மை வரவழைத்து, கருவியில் சரிபார்த்து, புதுச் செக்குகளை அடித்தார்கள். மெஹராஜ் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கையெழுத்து வாங்கி, வீடு வீடா நீங்களே கொண்டுபோய்க் குடுங்க அண்ணாச்சி."

மாலையில் ஒரு செக்கோடு திரும்பி வந்தார்.

"பேச்சியம்மா வாங்க மாட்டேன்னுட்டாங்க மேடம். பழசும் இப்படித்தானே இருந்துச்சு, இன்னொரு தடவை ஏமாத்தாதீகன்னு கதவைச் சாத்திட்டாங்க."

"இது செல்லும்னு சொல்லலையா?"

"சத்தியம் பண்ணினேன். கருவியில விட்டுக் காட்டினேன், அந்த மிஷினை நான் என்னத்தக் கண்டேன்னு கேக்காங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சாலும் ஒரே கறுப்பு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே மேடம் நம்புவாங்க?"

நீட்டிய செக்கை மெஹராஜ் வாங்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாதுன்னு நம்பித்தானே அண்ணாச்சி அன்னைக்கு அடிச்சீங்க."