சிரிப்புக்கு விட்ட இடம்

பூவராகனுக்கு வயது நாற்பத்தைந்து. அவருக்கு எடிட்டிங் சொல்லித்தந்த குரு ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இதைச் சொல்லிக் கேலி பண்ணாத ஆள் வடபழனியில் இல்லை.

காலமெல்லாம் காமெடிப் படங்களில் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவர், இப்போது சொந்தமாக ஒரு படம் எடுத்து, தானே வெட்டி ஒட்டியிருந்தார். பத்தாவது படிக்கும் பையனுக்கு இன்னொரு பையன்மேல் காதல். அது தெரிந்துபோய், வகுப்பே அவனைப் பிய்த்து எடுக்கிறது. அந்தப் பையன் தான்தான் என்று பூவராகன் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

ஸ்டூடியோ ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். திரையில் ஒருவன் கேட்டான்: "என்னடா, உன் புருஷன் இன்னிக்கு லீவா?"

தியேட்டரே வெடித்துச் சிரித்தது. பூவராகனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. படம் முடிந்ததும் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

"இந்த சீனையே தூக்கிடுங்க மேடம். இதுக்காகத்தான் படமே எடுத்தேன். இதுக்கே சிரிக்கிறாங்களே, பாவிங்க!"

ஜெசிந்தா மறுபடி ஓட்டிப் பார்த்தார். "வசனம் முடிஞ்சப்புறம் எதுக்குண்ணே இவ்வளவு நேரம் சும்மா பெஞ்சையே காட்டுறீங்க?"

"சிரிப்பு அடங்க வேணாமா? இல்லேன்னா அடுத்த வசனம் கேக்காது. காமெடிக்கு எப்பவும் அப்படித்தானே..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ! நானேதான் சிரிக்கச் சொல்லிட்டேனா?"

ஜெசிந்தா அந்த இடத்தைக் குறைக்கவில்லை. பூவராகன் வேண்டாமென்று ஒதுக்கிய ஷாட்டுகளைத் துழாவி, ஒன்றை எடுத்து அங்கே வைத்தார். அந்தப் பையனின் முகம். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரிக்கிறான்.

"அது வேண்டாம் மேடம். நல்லா வரலை."

"பாப்போம்ண்ணே."

மறுநாள் வேறு ஆட்கள் வந்தார்கள். அதே வசனம். சிரிப்பு கிளம்பியது. பல்லெல்லாம் தெரிய அந்த முகம் திரையில் வந்தது. தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்த மேக்கப்மேனின் கை அப்படியே நின்றது. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். பையன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

பூவராகனுக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு தியேட்டரே சிரிப்பை விழுங்கி அவர் பார்த்ததே இல்லை. வெளியே வந்ததும் ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்னு இருந்தேன் மேடம். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினார்.

"அவங்களும் பள்ளிக்கூடத்துல படிச்சவங்கதானேண்ணே. அவங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இப்படிச் சிரிச்சிருப்பான்ல."